புதுப்பிப்பு: சித்தப்பாவின் பழைய எலக்ட்ரிக் கிட்டார்

இலங்கை மலையகத்து ஹட்டனில் சித்தப்பா தேயிலைத் தோட்டத்துத் திருவிழாக்களில் வாசித்த கிட்டாரைப் புதுப்பிக்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். முடிவு எடுத்தாச்சு: பெயின்ட் அடிக்கப்போவதில்லை. மேல்பூச்சைச் சுரண்டினால் மதிப்பு குறையும் என்றீர்கள், உண்மைதான். ஆனால் என் காரணம் வேறு. அவர் முழங்கை உரசித் தேய்ந்த இடத்தில் மரம் தெரிகிறது. அதை மறைக்க மனம் வரவில்லை.

உள்ளே மட்டும் கை வைத்தேன். வாசிக்கும்போது வந்த கரகரப்புக்குக் காரணம் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்) இல்லை, வால்யூம் பொட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குள் இருக்கும் மின்தடை). இந்த மலை ஈரத்தில் பச்சை பிடித்திருந்தது. துடைத்தும் சரிவராமல், சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு வழக்கமான 250 கிலோஓம் புதுப் பொட்டைச் சோல்டர் செய்தேன். பழையதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பள்ளம் விழுந்த ஃப்ரெட்டுகளை (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) சரிசெய்யக் கொழும்புக்குத்தான் போகவேண்டும்.

நேற்று சித்தப்பா வாசித்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சத்தத்தைக் கூட்டுடா" என்றார்.