கையைப் பக்கவாட்டில் தூக்கினால் நடுவில் மட்டும் வலி: இது எந்தத் தசை?

காத்ர் போர்ன் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மொரீசியஸில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. கரும்பலகையில் எழுதும் வலது தோளில் இந்த ஆண்டு நடுவிலிருந்து வலி. கை சும்மா தொங்கும்போது ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் தூக்கினால் கொஞ்ச தூரம் வந்ததும் பிடிக்கிறது, தோள் உயரத்தில் உயிர் போகிறது, அதையும் தாண்டி முழுக்க உயர்த்திவிட்டால் விட்டுவிடுகிறது. இறக்கும்போதும் அதே இடத்தில் அதே வலி. ரவிக்கையின் பின்கொக்கி மாட்டக் கையைப் பின்னால் கொண்டுபோனாலும் வலிக்கிறது. இரவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

வலி தெரிவதும் மூட்டில் இல்லை. மேற்கையின் வெளிப்புறத்தில், தடுப்பூசி போடுவார்களே, அந்த இடத்தில்.

மகள் தாதியர் படிப்பு படிக்கிறாள். அவள் புத்தகத்தில் கையைப் பக்கவாட்டில் தூக்க முதல் 15 பாகைக்கு சூப்ராஸ்பைனேட்டஸ் (தோள்பட்டை எலும்பின் மேல்பக்கச் சிறு தசை), 15 முதல் 90 வரை டெல்டாயிட் (தோளை மூடியிருக்கும் தசை), அதற்கு மேல் ட்ரெப்பீசியஸும் (கழுத்து, மேல்முதுகுத் தசை) செரேட்டஸ் ஆன்டீரியரும் (விலாப்பக்கத் தசை) என்று போட்டிருக்கிறது. எனக்கு 60 பாகைக்கு மேல்தானே வலிக்கிறது, அப்படியானால் கெட்டிருப்பது டெல்டாயிட்தானா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, அதனால் இது உறைதோள், அதாவது மூட்டு இறுகிப்போகும் நோய் என்கிறார் அக்கா. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் தசைவலி என்றதோடு சரி.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். எடுக்கலாமா?

போ பாசின் காவடிக்காரர்:

வணக்கம் டீச்சர். மருத்துவம் எனக்குத் தெரியாது, காவடி தெரியும். மரவளைவு, அதன் மேல் பூவும் எலுமிச்சையும் ஓலையும், இரண்டு முனையிலும் பால் செம்பு. பூவைத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தால் இன்னும் கனக்கும். ஆனால் என் அனுபவத்தில் தோளில் இறங்கும் கனம் தொந்தரவு செய்வதில்லை, அதைச் சாயாமல் பிடித்திருக்கும் கைதான் முதலில் சோர்கிறது. கோர் தெ கார்த் மலைக்கோயில் படி ஏறும்போது அது நன்றாகத் தெரியும். சுமை குறைவு என்று பால்குடம் எடுக்கலாமே?

ரோஸ் ஹில் பிசியோ:

டீச்சர், வலி எங்கே தொடங்கி எங்கே விடுகிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. நீங்கள் சொன்னதே பாதி நோயறிதல். ஆனால் அந்த 15, 90 அட்டவணையை வைத்து டெல்டாயிட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதியான கணக்கு அது. தசைகளில் மின்முனை பொருத்திப் பார்த்த ஆய்வுகளில், கை அசையத் தொடங்கும்போதே சூப்ராஸ்பைனேட்டஸும் டெல்டாயிட்டும் சேர்ந்து வேலை செய்வது தெரிகிறது. 15 பாகையில் ஒன்று நிறுத்தி இன்னொன்றிடம் ஒப்படைப்பது கிடையாது.

காரணம் மூட்டின் அமைப்பு. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் கிண்ணம் என்று சொல்லும் அளவுக்கு ஆழமே இல்லை. நம் வீட்டு ரோஷ் காரியின் (அம்மிக்கல்) மேல் குழவி கிடக்கிற மாதிரி, எந்தப் பக்கமும் உருளும். உடம்பிலேயே அதிகம் அசையும் மூட்டு இதுதான், அதிகம் நழுவுவதும் இதுதான். நழுவாமல் பிடிப்பவை நான்கு சிறு தசைகள்: மேலே சூப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேபுலாரிஸ். நான்கும் சேர்ந்ததுதான் ரொட்டேட்டர் கஃப்.

டெல்டாயிட் பெரிய தசை. கையைத் தூக்க அது இழுக்கும்போது மேற்கை எலும்பின் தலையையும் மேல்நோக்கி இழுத்துவிடும். மேலே அக்ரோமியன் என்ற எலும்புக் கூரை இருக்கிறது. தலைக்கும் கூரைக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் இடைவெளி, அதற்குள்தான் சூப்ராஸ்பைனேட்டஸின் தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒரு வழுவழுப்பான நீர்ப்பையும் கிடக்கின்றன. சிறு தசைகள் தலையைக் கீழும் உள்ளும் அழுத்திப் பிடித்தால் கை சுகமாக ஏறும். தசைநாண் களைத்துப் புண்பட்டிருந்தால் 60 முதல் 120 பாகை வரை வலிக்கும், அதைத் தாண்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான். ஊசி போடும் இடத்தில் வலிப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கூரைக்கு அடியில் இருக்கும் தொல்லையை மேற்கையின் வெளிப்புறத்தில் உணர்வது மிகச் சாதாரணம்.

இனி நான் எல்லோரிடமும் விடாமல் சொல்வது. தோள் வலி என்றால் எல்லோரும் பந்தையே பார்க்கிறார்கள், முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பை யாரும் பார்ப்பதில்லை. கை காதோரம் வரை உயர்வது 180 பாகை என்றால் அதில் ஏறத்தாழ 120 பாகைதான் பந்து மூட்டில் நடக்கிறது, மீதி 60 தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மன் 1934இல் இந்த இசைவைப் பற்றி எழுதினார், 1944இல் இன்மனும் அவருடன் இருந்தவர்களும் இரண்டுக்கு ஒன்று என்று அளந்தார்கள். ஆளுக்கு ஆள் இது மாறும், ஆனால் இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும் என்பது மாறாது. ட்ரெப்பீசியஸின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் செரேட்டஸ் ஆன்டீரியரும் மூன்று திசையில் இழுத்து அந்த எலும்பைத் திருப்புகின்றன. அவை சோர்ந்தால் கூரை போதுமான அளவு மேலே விலகாது. மகளை உங்கள் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் மெதுவாக இறக்கும்போது வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு இறக்கை மாதிரி வெளியே தள்ளுகிறதா என்று அவள் பார்க்கட்டும். இறக்கும்போதுதான் அது நன்றாகத் தெரியும்.

அக்கா சொன்னதையும் தள்ளிவிட முடியாது. நம் தீவில் சர்க்கரை நோய் அதிகம், சர்க்கரை உள்ளவர்களுக்கு உறைதோளும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. ஆனால் உறைதோளில் முதலில் குறைவது வெளிப்பக்கச் சுழற்சி. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு முன்கையை வெளியே திருப்புங்கள். பிறகு மகளும் மெல்லத் திருப்பிப் பார்க்கட்டும். அவள் திருப்பியும் வலது கை இடது கையளவு போகாமல் முட்டி நின்றால் மூட்டுறை இறுகியிருக்கலாம். விழுந்து அடிபட்ட பிறகு திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனால் அது வேறு கதை, தசைநாண் கிழிந்திருக்கலாம், உடனே ஸ்கேன் வேண்டும்.

பால்குடம் வேண்டாம். இரண்டு கையும் தலைக்கு மேலேயே நிற்கும், சிறு தசைகளுக்கு ஓய்வே இருக்காது.

காத்ர் போர்ன் டீச்சர்:

நன்றி தம்பி. மகள் பார்த்துவிட்டாள். வெளிச்சுழற்சி இரண்டு பக்கமும் ஒரே அளவு, இடித்து நிற்கவில்லை. ஆனால் கையை இறக்கும்போது வலது தோள்பட்டை எலும்பு தள்ளுகிறதாம். உடன் வேலை செய்பவர் ஒருவர் அந்தக் கூரை எலும்பைச் செதுக்கிவிட்டால் தீரும் என்கிறார். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதால் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

ரோஸ் ஹில் பிசியோ:

நல்ல செய்தி அம்மா. உறைதோள் என்ற பயம் இப்போதைக்கு வேண்டாம். அறுவைக்கும் ஓடாதீர்கள். பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2018இல் வெளியாயின. எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், உள்ளே கேமரா விட்டுப் பார்த்ததோடு நிறுத்தியவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். முழங்கை நிமிர்ந்த பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளி முதுகை விரியுங்கள், அந்தக் கடைசித் தள்ளலில்தான் செரேட்டஸ் வேலை செய்கிறது. அப்புறம் விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே துண்டை மடித்து வைத்து, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுங்கள். அது பின்னால் இருக்கும் இரண்டு தசைகளுக்கு. லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் தங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். பள்ளி திறந்ததும் பலகையின் மேல்வரியில் எழுத எட்டாதீர்கள். நெருங்கி நின்று, கையை நேர் பக்கவாட்டில் இல்லாமல் சற்று முன்பக்கமாக உயர்த்துங்கள், கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கட்டும்.

காவடி எடுக்கலாம், சிறியதாக இருக்கட்டும். தண்டைத் தோளின் ஓரத்தில் வைக்காமல் கழுத்தை ஒட்டிய சதைமேட்டில் வைத்தால் ட்ரெப்பீசியஸ் தாங்கும். இடது தோளில் வைத்து இடது கையால் பிடியுங்கள், வலது கை தாழ்ந்தே இருக்கட்டும். காறை எலும்புக்கு அடியில்தான் கைக்குப் போகும் நரம்புக் கற்றை ஓடுகிறது. விரல்கள் மரத்துப்போனால் பக்கத்தில் வருபவரிடம் காவடியைக் கொடுத்துவிட்டுக் கையை உதறிக்கொள்ளுங்கள். பத்து நாள் விரதத்தில் சர்க்கரை மாத்திரையை எப்படிப் போடுவது என்று விரதம் தொடங்குவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.