ஊரில் சிக்னல் இல்லை, கையில் 25 ஆயிரம்: எந்த போன் எடுக்கலாம்?

கிணற்றுமேடு:

வணக்கம் மக்களே. நாலரை வருடமாக வைத்திருந்த போன் போன வாரம் உப்பிக்கொண்டு பின்கவரைத் தள்ள ஆரம்பித்துவிட்டது. இனி அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க தைரியமில்லை, புதிது வாங்கியே ஆக வேண்டும். பட்ஜெட் 25 ஆயிரம். அதற்கு மேல் போனால் வீட்டில் கணக்குக் கேட்பார்கள்.

வேலை கோவையில், வீடு அந்தியூர் தாண்டி மலையடிவாரத்தில். ஐந்து நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே. கோவையில் ஒரு குறையும் இல்லை, 5ஜி பறக்கிறது. ஊரில் என்னிடம் இருக்கும் தனியார் சிம்முக்கு வீட்டுக்குள் ஒரு கோடுகூட வராது. பேச வேண்டுமென்றால் கிணற்று மேட்டில் ஏறி, மோட்டார் ரூம் சுவரோரம் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும், அதிலும் பாதிப் பேச்சில் கட் ஆகும். போன ஞாயிற்றுக்கிழமை ஆபீசிலிருந்து ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறார்கள், சாயங்காலம் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போனபோது ஒன்பது மிஸ்டு கால் மெசேஜும் ஒன்றாக வந்து விழுந்தன.

மனதில் இருப்பவை மூன்று: சாம்சங் ஏ26, சிஎம்எஃப் போன் 2 ப்ரோ, மோட்டோ எட்ஜ் 60 ஃப்யூஷன். கேம் விளையாட மாட்டேன். பேங்க் ஆப், மேப், பாட்டு, கால், அவ்வளவுதான். பாட்டெல்லாம் 64 ஜிபி மெமரி கார்டில் இருக்கிறது, அது உள்ளே போக வேண்டும். யூடியூபில் பத்து விமர்சனம் பார்த்துவிட்டேன், பத்து பேரும் பெட்டியைப் பிரித்து கேமராவைத்தான் பேசுகிறார்கள், போன் பேசுமா என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

---

பேண்ட்_பைத்தியம்:

சரியான இடத்தில் கையை வைத்தீர்கள். கொஞ்ச நேரம் போனை மறந்துவிடுங்கள். உங்கள் கிணற்று மேட்டுக்கு எந்த டவர் எந்த அலைவரிசையில் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

அலைவரிசை குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 5ஜிக்கு ஊரெல்லாம் ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ், அதாவது என்78, நகரத்தில் வேகம் கொடுக்கும், ஆனால் கொஞ்சம் தள்ளிப் போய் நாலு சுவருக்குள் நுழைந்தால் படுத்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அப்படியில்லை, மேடு பள்ளத்தில்கூட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். 2022 ஏலத்தில் தனியார்களில் ஜியோ மட்டும்தான் 700-ஐ நாடு முழுக்க எடுத்தது, அதை என்28 என்ற பெயரில் 5ஜிக்கு ஓட்டுகிறார்கள். பி.எஸ்.என்.எல். அதே 700-இல் 4ஜி ஓட்டுகிறது, அதற்குப் பெயர் பேண்ட் 28, கூடவே 2100-இல் பேண்ட் 1. மலையடிவாரத்தில் பல இடங்களில் பி.எஸ்.என்.எல். டவர் மட்டும்தான் இருக்கும், அதனால் பேண்ட் 28 இல்லாத போனை வாங்கிவிட்டு அந்த சிம்மைப் போட்டால் டவர் எதிரே நின்றும் புண்ணியமில்லாமல் போகலாம்.

பெட்டியில் 5ஜி என்று போட்டிருப்பதை அப்படியே நம்பவும் கூடாது. ரெட்மி ஏ4 5ஜி, போக்கோ சி75 5ஜி இரண்டிலும் இருக்கும் ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப் எஸ்.ஏ. என்ற முழு 5ஜியை மட்டும்தான் பிடிக்கும். ஜியோ அந்த வகை, அதனால் ஓடும். ஏர்டெல் பெரும்பாலும் 4ஜி முதுகில் ஏறி வரும் என்.எஸ்.ஏ. வகை, அதில் இந்த போன்களுக்கு 5ஜி வராது. உங்கள் மூன்றிலும் அந்தச் சிக்கல் இல்லை, இருந்தாலும் கம்பெனி தளத்தில் இந்திய மாடலின் பேண்ட் பட்டியலைப் பார்த்துவிடுங்கள், வெளிநாட்டு மாடலுக்கு வேறு பட்டியல் இருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். ஊரில் யாரிடமாவது வேறு கம்பெனி சிம் போட்ட போன் இருந்தால் வாங்கி, சிக்னல் அளவை எண்ணில் காட்டும் நெட்மான்ஸ்டர் ஆப் போட்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள். அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும், மைனஸ் 90 பக்கம் இருந்தால் நிம்மதி, மைனஸ் 110 தாண்டினால் இழுபறி, 120-க்குப் போனால் கட். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு விதமாகப் போட்டுக் காட்டும்.

---

அப்டேட்_அம்மணி:

சிக்னல் சங்கதி சரி, ஆனால் இந்த மனிதர் ஒரு போனை நாலரை வருடம் ஓட்டியிருக்கிறார், அதை யாரும் கவனிக்கவில்லையா? அடுத்ததையும் அப்படித்தான் ஓட்டுவார். அப்படிப்பட்டவருக்கு எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதுதான் விலை.

ஏ26-க்கு 6 ஆண்ட்ராய்டு பதிப்பு, 6 வருட செக்யூரிட்டி என்று சாம்சங் சொல்லியிருக்கிறது. சிஎம்எஃபுக்கு 3 பதிப்பு, 6 வருட செக்யூரிட்டி. மோட்டோவுக்கு 3 பதிப்பு, 4 வருட செக்யூரிட்டி. பேங்க் ஆப்கள் பழைய ஆண்ட்ராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடும், அன்றைக்கு போன் ஓடும் ஆனால் பணம் அனுப்ப முடியாது. என் மாமியாருக்கு அதுதான் நடந்தது, திரையில் ஒரு கீறல் இல்லாத போனை மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று, கால் ரெக்கார்டிங் வேண்டுமா? கால் பேசும் ஆப்பாக கூகுள் டயலர் உள்ள போன்களில் ரெக்கார்ட் அழுத்தினால் எதிர்முனைக்கும் கேட்கிறபடி அறிவிப்பு வாசிக்கும். இந்தியாவில் சாம்சங் தன் டயலரையே கொடுக்கிறது, அதில் அந்த அறிவிப்பு வராது. நெல் வியாபாரியிடம் விலை பேசும் என் சித்தப்பா இதற்காக மட்டுமே ஒரு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

---

காந்திபுரம்_கடைக்காரர்:

அம்மணி சொன்னது பாதி சரி. அப்டேட் வரும், போன் தாங்குமா? நான் 11 வருடமாகப் பழுது பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் மூன்று காரணம்தான்: கீழே விழுந்த டிஸ்ப்ளே, தேய்ந்த பேட்டரி, சார்ஜிங் போர்ட்டில் அடைந்த அழுக்கு. சிப் மெதுவாகிவிட்டது என்று வருபவர் அபூர்வம்.

மோட்டோவுக்கு ஓரம் வளைந்த திரை. கையில் பட்டுப் போல இருக்கும், ஆனால் வளைந்த திரைக்கு சாதா டெம்பர்டு கிளாஸ் ஓரத்தில் ஒட்டாது, பசை ஊற்றி லைட்டில் காய வைக்கும் வகைதான் போட வேண்டும், தினம் பைக்கில் போகிறவருக்கு நான் தட்டைத் திரையைத்தான் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் தண்ணீருக்கு மோட்டோவே மேல், தண்ணீர், தூசி தாங்கும் தரம் ஐபி68. ஏ26 ஐபி67, அதுவும் நல்லதுதான். சிஎம்எஃப் ஐபி54, தூறலுக்குத் தாங்கும், கிணற்றில் விழுந்தால் போச்சு. கிணற்று மேட்டில் நின்று பேசுகிறவர் என்பதால் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

மெமரி கார்டுக்கு வருவோம். சிம் போடும் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். ஏ26-இல் இரண்டு குழிதான் இருக்கும், ஒன்று சிம்முக்கு, இன்னொன்று சிம் அல்லது கார்டு. பேண்ட் தம்பி சொல்கிறபடி பி.எஸ்.என்.எல். சிம் இரண்டாவதாகப் போட்டால் உங்கள் பாட்டுக் கார்டுக்கு இடமில்லை. கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். ஒரு சிம்மை இ-சிம் ஆக, அதாவது குழி தேவைப்படாத சிம்மாக மாற்ற முடிந்தால் தப்பிக்கலாம், ஆனால் நீங்கள் எடுக்கும் மாடலில் இ-சிம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

அப்புறம், உப்பிய போனை இன்னும் சார்ஜ் போடுகிறீர்களா? நிறுத்துங்கள்.

---

பழசே_போதும்:

ஏன் ஆளாளுக்குச் செலவு வைக்கிறீர்கள்? பேட்டரி மாற்ற இரண்டாயிரம் ஆகுமா? மாற்றிவிட்டு, வீட்டுக்கு ஃபைபர் லைன் இழுத்து, வைஃபை காலிங்கை ஆன் செய்தால் வேலை முடிந்தது. டவரே வேண்டாம். மீதிப் பணத்தில் ஒரு வருட ரீசார்ஜ்.

---

கிணற்றுமேடு:

@பழசே_போதும் அண்ணா, அதுதான் முதலில் நினைத்தேன். ஃபைபர்காரர் வந்து பார்த்துவிட்டு, மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், நடுவில் கம்பம் இல்லை என்று போய்விட்டார். பழைய போனில் ஆண்ட்ராய்டு 11, பேங்க் ஆப் இப்போதே எச்சரிக்கை காட்டுகிறது.

@பேண்ட்_பைத்தியம் நீங்கள் சொன்னதைச் செய்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா போனில் பி.எஸ்.என்.எல். இருக்கிறது, சனிக்கிழமை காலை வாங்கி வீடெல்லாம் நடந்தேன். அவர் பின்னாலேயே வந்து "என்ன சாமி, பேய் ஓட்டறயா" என்று கேட்டார். கணக்கு இது: வாசலில் மைனஸ் 94, பேண்ட் 28. நடு வீட்டில் மைனஸ் 106. சமையற்கட்டில் 117. மொட்டை மாடியில் 88. என் சிம் அதே வாசலில் 119, பேண்ட் 3, அதாவது 1800.

ஆக, பேண்ட் 28 இருந்தே ஆக வேண்டும். இரண்டு சிம்முக்கும் ரீசார்ஜ் போடுவதுதான் வலிக்கிறது. 2024 ஜூலையில் தனியார் மூவரும் விலை ஏற்றிய பிறகு, ஜியோ, ஏர்டெல்லில் வரம்பில்லாத 5ஜி வேண்டுமென்றால் தினம் 2 ஜிபி பிளானாவது போட வேண்டும் என்று ஆனது. எண்ணை மாற்றாமல் ஒரேயடியாக பி.எஸ்.என்.எல்.லுக்கே போர்ட் பண்ணிவிடலாமா?

---

பேண்ட்_பைத்தியம்:

மைனஸ் 94 என்றால் ராஜ வாழ்க்கை. ஆனால் அவசரப்பட்டு போர்ட் பண்ணாதீர்கள், கோவையில் கிடைக்கும் 5ஜியை ஏன் விட வேண்டும்? முதலில் புது பி.எஸ்.என்.எல். சிம் ஒன்றை இரண்டாவதாகப் போட்டு ஒரு மாதம் பாருங்கள். போனில் வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே கால் பேசும் வசதி, ஆன் ஆகிறதா, கால் வந்தால் 4ஜியிலேயே நிற்கிறதா, இது முக்கியம். மனசு ஒத்துக்கொண்டால் அப்புறம் 1900-க்கு PORT என்று போட்டு, இடைவெளி விட்டு உங்கள் மொபைல் எண்ணையும் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு போர்ட்டிங் எண் வரும், அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும், அது நம் பக்கம் 4 நாள்தான் செல்லும். நடுவில் சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கினால் 7 நாள் போர்ட் முடியாது, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

5ஜியைக் கைவிட்டு 4ஜி மட்டும் போட்டுவிட்டால் ஊரில் பேட்டரியும் கொஞ்சம் நிற்கும். சிக்னல் தேடித் தேடியே போன் சூடாகிறது.

---

அப்டேட்_அம்மணி:

போட்டி முடிந்தது, ஏ26. சார்ஜர் பெட்டியில் வராது, 25 வாட் தனியாக வாங்க வேண்டும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக் கணக்கு உதைக்கும்.

---

காந்திபுரம்_கடைக்காரர்:

சார்ஜர் இருந்தால் பழசே போதும், ஒயரைப் பாருங்கள், இரண்டு பக்கமும் டைப்-சி இருக்கிறதா என்று. தெருவில் விற்கும் 99 ரூபாய் சார்ஜர் மட்டும் வேண்டாம், அதனால் எனக்குத்தான் லாபம்.

---

கிணற்றுமேடு:

ஏ26 எடுத்துவிட்டேன், பேண்ட் பட்டியலில் 28 இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான். சார்ஜர் மச்சான் வீட்டில் ஒன்று சும்மா கிடந்தது. நேற்று ஊரில் போட்டுப் பார்த்தேன்: வாசலில் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினேன், கட் ஆகவில்லை. நடு வீட்டில் ஜன்னலோரம் பரவாயில்லை. சமையற்கட்டில் இன்னும் போச்சு, அம்மா கூப்பிட்டால் வெளியே வந்துதான் எடுக்கணும்.

கார்டுக்கு இடமில்லை, கடைக்காரர் சொன்ன மாதிரியேதான். பாட்டை எல்லாம் போன் உள்ளே மாற்றிவிட்டு, கார்டை அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டியில் செருகிவிட்டேன். காலையிலிருந்து மாட்டுக் கொட்டகையில் பாடிக்கொண்டிருக்கிறது.