மூடுபனியில் எந்த லைட்? பிரான்சுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

லீவுக்குப் புதுச்சேரி வந்திருக்கிறேன். நேற்று விடியற்காலை மச்சானோடு கடலூர் ரோட்டில் போனபோது, கிருமாம்பாக்கம் தாண்டியதும் மார்கழிப் பனி அப்படியே இறங்கிவிட்டது. மச்சான் உடனே பிரைட் போட்டார், நான்கு இண்டிகேட்டரையும் தட்டிவிட்டார். பின்னால் வந்த பஸ்காரர் விடாமல் ஹாரன். நாங்கள் எந்தப் பக்கம் திரும்புவோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைச் சுவர்தான். அங்கே மழை, மூடுபனி, ஸ்நோ எது வந்தாலும், பட்டப்பகலானாலும், டிம் லைட். முன் ஃபாக் லைட்டை இந்த மூன்றுக்கும் போடலாம், மழை என்றால் கொட்டுகிற மழைக்கு மட்டும். பின் ஃபாக் லைட் மட்டும் மூடுபனிக்கும் ஸ்நோவுக்கும்தான், மழைக்குக் கூடவே கூடாது.

இதைப் பணம் கொடுத்துக் கற்றேன். போன புதிதில் ஒரு நாள் கொட்டுகிற மழையில் பின் ஃபாக் லைட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பின்னால் வந்தவர் லைட்டை வெட்டி வெட்டிக் காட்ட, நம்ம ஊர் நினைப்பில் வழி கேட்கிறார் என்று ஒதுங்கினேன். அப்புறம் போலீஸ் நிறுத்தி 135 யூரோ அபராதம் போட்டபோதுதான் அவர் எதற்கு லைட்டை வெட்டினார் என்று விளங்கியது. அந்த லைட் கிட்டத்தட்ட பிரேக் லைட் மாதிரியே எரியும். ஈர ரோட்டில் அந்தச் சிவப்பு கண்ணைக் கூசும், நாம் பிரேக் அடிப்பதே பின்னால் வருபவருக்குத் தெரியாது.

லைட் சுவிட்சை 'ஆட்டோ'வில் வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சென்சார் பார்ப்பது வெளிச்சத்தை, பனியை இல்லை. பகல் மூடுபனி வெள்ளை வெளேரென்று இருப்பதால் டிம் லைட்டை அது போடாமலே விடும். முன்னால் பகல் விளக்கு எரியும், பல கார்களில் பின்பக்கம் இருட்டாகவே இருக்கும். சுவிட்சை நீங்களே திருப்புங்கள்.

50 மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் வேகம் மணிக்கு 50 கி.மீ.தான், 130 போகிற மோட்டார்வேயிலும். எப்படி அளப்பது? ஓரத்தில் நீள நீளமாக வெள்ளைக்கோடு வரும், ஒன்று 40 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே கோடு மட்டும் தெரிந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

லைசென்ஸுக்கான 'கோட்' என்ற சாலை விதிப் பரீட்சையில் 40 கேள்விக்கு 35 சரியாக வேண்டும், அதனால் டாஷ்போர்டு படங்களைப் பார்த்து வையுங்கள்: பச்சை முன் ஃபாக், ஆரஞ்சு பின் ஃபாக். பின்னால் ஒரே ஒரு சிவப்பு ஃபாக் லைட் எரிகிறதே, பல்பு போச்சு என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். பல கார்களில் டிரைவர் பக்கம் ஒன்றுதான் வைத்திருப்பார்கள்.