பைனரி டேட்டாவை ஹெக்ஸ் ஆக்கிய அனுபவம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கிருஷ்ணகிரி, சென்சார் பராமரிப்பு:

இங்கே ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் குளிர்அறை சென்சார்களைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் மோட்பஸ், அதாவது தொழிற்சாலைக் கருவிகள் டேட்டா பரிமாறிக்கொள்ளும் முறை. முன்பு வேலை பார்த்தவர் எழுதிய பைத்தான் 2 ஸ்கிரிப்ட் பல வருடமாக ஓடியது. பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் கம்ப்யூட்டரை மாற்றினார்கள், பைத்தான் 3 வந்தது, ஸ்கிரிப்ட் நின்றது. அதில் வந்த டேட்டாவை என்கோடு('ஹெக்ஸ்') என்று போட்டு ஹெக்ஸுக்கு (0-9, ஏ-எஃப் என்று 16 இலக்கங்களில் எழுதும் முறை) மாற்றியிருந்தார். பைத்தான் 3-இல் சீரியல் போர்ட்டிலிருந்து வருவது பைட்ஸ், அதாவது 0 முதல் 255 வரையான எண்களின் வரிசை. அதற்கு என்கோடு என்ற மெத்தடே கிடையாது.

சரி, என்னதான் வருகிறது என்று அப்படியே பிரின்ட் செய்தேன். 01, 03, 02, 00 வரை ஒழுங்காக வந்தது. அடுத்து நடுவில் ஒரு ஆங்கில 'ஏ' (A) எழுத்து. ஒயரிங் கோளாறு என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் கேபிளைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார். கோளாறு எதுவும் இல்லை. பைட்ஸைப் பிரின்ட் செய்தால், ஆஸ்கியில் (ஆங்கில எழுத்துகளுக்கான எண் குறியீட்டு முறை) எழுத்தாகக் காட்டக்கூடியதைப் பைத்தான் எழுத்தாகவே காட்டும். அந்த 'ஏ' ஹெக்ஸில் 41, அதாவது 65. எங்கள் சென்சார் பத்தில் ஒரு டிகிரியை ஓர் அலகாக வைத்து அனுப்புவதால் 6.5 டிகிரி. டேட்டாவுக்குப் பின்னால் .ஹெக்ஸ்() என்று போட்டதும் 0103020041 என்று பளிச்சென்று தெரிந்தது. 3.5 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. அதற்கு முந்தையது என்றால் பைன்ஆஸ்கி மாட்யூலின் ஹெக்ஸ்லிஃபை.

இன்னொரு இடத்தில் டேட்டா ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துத் தொடராகவே, வந்து சேர்ந்தது. அதை யுடிஎஃப்-8-இல் என்கோடு செய்தால் 127-க்கு மேற்பட்ட ஒவ்வொரு மதிப்பும் இரண்டு பைட்டாகிவிடும், கடைசியில் வரும் இரண்டு சரிபார்ப்பு பைட்டையும் சேர்த்து 7 பைட் இருக்க வேண்டிய ஃபிரேம் (ஒரு முழுப் பதில்) நீண்டுவிடும். மதிப்புகள் எல்லாம் 255-க்குள் இருப்பதால் லேட்டின்-1 என்ற குறியீட்டு முறையைக் கொடுத்தால் ஒன்றுக்கு ஒன்றாக நிற்கும். இது தெரியாமல் சென்சாரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

தர்மபுரி, கம்ப்யூட்டர் சென்டர் ஆசிரியை:

அண்ணா, எங்கள் பிள்ளைகளிடம் 'பைனரி ஸ்ட்ரிங்' என்றால் சைபரும் ஒன்றுமாக எழுதிய ஸ்ட்ரிங்தான் நினைவுக்கு வரும். அது வேறு கதை. 0000001100000010 என்பதை இன்ட்(…, 2) கொடுத்து எண்ணாக்கி, அதற்கு ஹெக்ஸ்() போட்டால் 0302 வராது. 0எக்ஸ்302 (0x302) என்று வரும்; ஹெக்ஸ் என்பதற்கு அடையாளமான அந்த 0எக்ஸை வெட்டினால் வெறும் 302, முன்னால் இருந்த சைபர் போயிருக்கும். அதைத் திரும்ப பைட்ஸ் ஆக்கப் போனால் ஃபிரம்ஹெக்ஸ் எரர் அடிக்கும், அதற்கு இரட்டை இரட்டையாக இலக்கம் வேண்டும். நான்கு பிட்டுக்கு ஒரு ஹெக்ஸ் இலக்கம் என்று கணக்குப் போட்டு, ஸ்ட்ரிங் நீளத்தை நான்கால் வகுத்து, அந்த அளவுக்கு இஸட்ஃபில் (முன்னால் சைபர் நிரப்புவது) செய்யச் சொல்லித்தருகிறேன்.

'தர்மபுரி' என்ற பெயரை யுடிஎஃப்-8-இல் என்கோடு செய்து ஹெக்ஸ் எடுக்கச் சொன்னேன். கண்ணுக்கு ஐந்து எழுத்து, வந்ததோ 48 இலக்கம்! புள்ளி, உகரம், இகரம் எல்லாம் தனித்தனிக் குறியீடு, ஆக மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். எட்டுமே ஈ0 என்று ஆரம்பிப்பதைக் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓசூர், டெஸ்டிங் பிரிவு:

கிருஷ்ணகிரி அண்ணா, 3.8 அல்லது அதற்கு மேல் என்றால் .ஹெக்ஸ்(' ') என்று இடைவெளி கொடுத்துப் பாருங்கள். 01 03 02 00 41 என்று பிரிந்து வரும், சென்சார் மேனுவலோடு வைத்துப் பார்க்க வசதி. எங்கள் லாக் முழுக்க இப்படித்தான்.

கிருஷ்ணகிரி, சென்சார் பராமரிப்பு:

போட்டுப் பார்த்தேன் தம்பி, எலக்ட்ரீஷியன் அண்ணனே இப்போது மேனுவலை வைத்துக்கொண்டு படிக்கிறார். மேடம், அந்தச் சைபர் விஷயத்தை எங்கள் அலாரம் பிட்டுகளுக்கும் சரிபார்க்கிறேன், அங்கேயும் நீங்கள் சொன்ன அந்த ஹெக்ஸ்()தான் ஓடுகிறது.