புதுப்பிப்பு: அப்பாவின் மகாதமனி வீக்கம்

அப்பாவுக்கு 81 வயது, வயிற்று மகாதமனியில் (இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய்) வீக்கம் 5.7 செ.மீ., அறுவை சிகிச்சை செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்தாயிற்று, வீட்டில் இருக்கிறார்.

முதலில் பார்த்த மருத்துவர் வயதைக் கேட்டதுமே வேண்டாம் என்றுவிட்டார். அடுத்துப் பார்த்த ரத்தநாள அறுவை நிபுணருக்கு வயது பெரிய விஷயமாகவே இல்லை. மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறாரா, இதயம், நுரையீரல், சிறுநீரகம் எப்படி என்றுதான் துருவினார். ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆனதும் (பெண்களுக்கு 5) சிகிச்சையை யோசிக்கிறார்களாம். உடல் ரொம்பத் தளர்ந்தவர்களுக்கு அறுவையால் ஆயுள் கூடாமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

வயிற்றைத் திறக்கவில்லை. தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (ரத்தக்குழாய்க்குள் பொருத்தும், கம்பி வலையும் துணியும் சேர்ந்த குழாய்) வைத்தார்கள். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே வீங்காத பகுதி போதிய நீளத்துக்கு இருந்தால்தான் அது பிடித்து நிற்கும். சிடி ஸ்கேனில் அது சரியாக இருந்தது.

இதில் விலை என்னவென்றால், ஆயுள் முழுக்க ஸ்கேன். முதல் ஸ்கேனிலேயே சிறு கிளை நாளங்களிலிருந்து வீக்கத்துக்குள் கொஞ்சம் ரத்தம் திரும்பி வருவது தெரிந்தது. பயந்துபோனோம். இந்த வகைக் கசிவு பெரும்பாலும் தானே அடங்கிவிடும், வீக்கம் பெரிதானால் மட்டும் பார்க்கலாம் என்கிறார்கள். அப்பா கவலைப்படுவது அதற்கில்லை, சிகரெட்டை நிறுத்தச் சொன்னதற்குத்தான்!

கிராஃப்டுக்குப் பிறகு இப்படிக் கசிவு இருந்தவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு நாளில் அடங்கியது என்று சொல்லுங்கள்.