எழுதிப் பாஸ் பண்ணினது வயலில கைகொடுக்கேல்ல: உங்களுக்கும் இப்பிடி நடந்ததோ?

வரம்போரம்:
விவசாயப் பட்டப்படிப்பு முடிச்சு வேலைக்குப் போய் மூண்டாம் கிழமை. இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயல், சிறுபோகம். ஒரு ஐயா பயிர் ஒண்டைப் பிடுங்கி, வேரில சேறு சொட்டச் சொட்ட என்ர கையில வச்சார். "தம்பி, ரெண்டு தரம் யூரியா போட்டாச்சு, இன்னும் மஞ்சளிக்குது. என்ன செய்ய?"

இதே கேள்விக்குப் பரீட்சையில முழு மார்க்ஸ் எடுத்தவன் நான். யூரியா குடுக்கிறது நைதரசன்; அது பயிருக்குள்ள அசையும், குறைஞ்சால் அடியிலை முதல்ல மஞ்சளாகும். கந்தகம் லேசில அசையாது, குருத்துப் பக்கம்தான் முதல்ல வெளிறும். வரி வரியாப் பாடம். ஆனா கையில பயிர் இருக்கேக்க, அடியிலையையும் குருத்தையும் வச்சு ஒப்பிட்டுப் பாக்கவேணுமெண்டே தோணேல்ல. முழுக்க ஒரே மஞ்சளாத்தான் தெரிஞ்சுது. "கேட்டுச் சொல்லுறன் ஐயா" எண்டு வந்திட்டன்.

மோட்டார் சைக்கிளில A9 றோட்டுக்கு ஏறேக்கதான் மண்டையில அடிச்சுது. அடியிலை பச்சை, குருத்துத்தான் மஞ்சள். கந்தகக் குறைவாத்தான் இருக்கவேணும். விடியப் போனன். ஐயா மூண்டாம் தரமும் யூரியா எறிஞ்சு முடிச்சிட்டார். வெறும் சாக்கு வரம்பில கிடந்தது.

நாலு வருசத்தில ஒருத்தரும் ஒரு பயிரைக் கையில தந்து "இது என்ன?" எண்டு கேட்டு மார்க்ஸ் போடேல்ல.

குப்பி விளக்கு:
அண்ணை, பழியை முழுக்கப் பரீட்சையில போடாதேங்கோ. கடைசி ரெண்டு கிழமை குப்பி வச்சு (எங்களுக்குள்ளேயே கூடிச் சொல்லிக் குடுத்துப் படிச்சு), அஞ்சு வருசப் பாஸ்ட் பேப்பரைப் பாடமாக்கினது நாங்கள்தானே?

எங்கட பட்சுக்கு ஒரு மிஸ் கேள்வியை மாத்தினா. வரைவிலக்கணம் ஒண்டும் இல்லை. ஒரு கிணத்துத் தண்ணியின்ர பரிசோதனை முடிவைத் தந்து, "இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ? காரணத்தோட எழுதுங்கோ" எண்டு கேட்டா. பாதிப் பேர் வெறுந்தாள். பிறகு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கித் திரிஞ்சது நான். அடுத்த வருசம் பழைய மாதிரிக் கேள்வியே வந்தது. அந்த மிஸ்ஸிட்ட இண்டைக்கும் மன்னிப்புக் கேக்கேல்ல.

ஓமந்தைப் பிள்ளை:
எனக்கு வைவா, வாய்மொழிப் பரீட்சை. விடை தெரியும், இங்கிலீசில வாய் வரேல்ல. மேசையில கிடந்த பேனையையே பாத்துக்கொண்டிருந்தன். சேர் கொஞ்ச நேரம் பாத்துப்போட்டு, "தமிழில சொல்லும் பிள்ளை" எண்டார். கடகடவெண்டு சொன்னன். "இப்ப அதையே இங்கிலீசில சொல்லும்." சொன்னன்! அண்டைக்கு அவர் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் ரிப்பீட்.

கரும்பலகை:
நான் படிப்பிக்கிறவன். ஒருக்கா பழைய மாணவன் ஒருத்தன் வந்து, "சேர், நாலு வருசமும் மார்க்ஸ் மட்டும்தான் போட்டீங்கள், எது பிழையெண்டு ஒரு வரி எழுதித் தரேல்ல" எண்டான். ஞாயமான கேள்வி.

தம்பி வரம்போரம், உங்கட கதையில பிழை எங்கையெண்டு எனக்கு விளங்குது. பாடத்திட்டத்தில "இனங்காண்பார்" எண்டு எழுதிப்போட்டு, பேப்பரில "விபரிக்குக" எண்டு கேக்கிறம். பிள்ளையள் பேப்பருக்குத்தான் படிப்பினம். கற்றற்பேறு, கற்பித்தல், மதிப்பீடு மூண்டும் ஒரே கோட்டில நிக்கவேணுமெண்டு கல்வியியலாளர் ஜோன் பிக்ஸ் 1996-லேயே எழுதினவர். பரீட்சையை முதல்ல யோசியுங்கோ, விரிவுரையைப் பிறகு யோசிக்கலாம். மருத்துவப் பரீட்சையில 1975-ல ஸ்கொட்லாந்தின்ர டண்டீயில ரொனால்ட் ஹாடன் எண்டவர் செய்து காட்டினதும் இதுதான்: மேசை மேசையா நோயாளி, ஒவ்வொரு மேசையிலயும் சில நிமிசம், எல்லாருக்கும் ஒரே புள்ளித்தாள். எங்களுக்கு நோயாளிக்குப் பதிலாப் பத்து வாளியில பயிர் போதும். "என்ன குறைவு? எதைப் பாத்துச் சொல்லுறீர்? விவசாயிக்கு என்ன சொல்லுவீர்?" மூண்டு கேள்வி, பிறகு மணி, அடுத்த வாளி.

இன்னொண்டு. எங்கட இலங்கைத் தகைமைச் சட்டகத்தில (SLQF) ஒரு கிரெடிட் எண்டால் 50 மணித்தியாலக் கற்றல். அதில விரிவுரை சொற்பம். மிச்ச நேரத்துக்குப் பிள்ளையளிட்ட என்ன வேலை குடுக்கிறம்? குழு அறிக்கை எண்டால் ஒருத்தன் எழுத நாலு பேர் பேர் போடுறாங்கள். ஆளுக்கு மூண்டு நிமிசம் தனித்தனிய வைவா வையுங்கோ, ஆர் செய்ததெண்டு தெரியும். விடைத்தாளில ஒரு வரியாவது எழுதித் திருப்பிக் குடுங்கோ, அதுவும் அடுத்த பரீட்சைக்கு முதல்.

குப்பி விளக்கு:
சேர், மணியடிக்கிற ஸ்பொட் டெஸ்ட் எங்களுக்கும் இருந்தது. வருசா வருசம் பூச்சி போட்ட அதே போத்தல்கள். நீல மூடி எண்டால் தண்டுதுளைப்பான், வாயில வெடிப்பெண்டால் கபிலநிறத் தத்தி. பூச்சியைப் பாக்காமலே எழுதினம். நூற்றைம்பது பேருக்கு ஆர் ஒவ்வொரு வருசமும் புதுசு தேடுறது?

கரும்பலகை:
அதுதான் சொல்லுறன், போத்தல் வேண்டாம். அண்டைக்குப் பிடுங்கின பயிர்தான் வேணும். ஆள்பலம் இல்லையெண்டது உண்மை, அதுக்கு என்னட்டையும் முழு விடை இல்லை.

வரம்போரம்:
சேர், பயிர் வேணுமெண்டால் முதல் நாள் பின்னேரம் வேரோடயும் சேத்தோடயும் நான் கொண்டுவாறன். ஈரச் சாக்கில சுத்தி வச்சால் விடியுமட்டும் வாடாது. எத்தினை வேணுமெண்டு மட்டும் சொல்லுங்கோ.