விமானக் கண்காட்சிக்கு 100-400 லென்ஸா, 150-600 லென்ஸா?

கொட்டகலைச் சாரல் கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். விமானக் கண்காட்சிகளைப் படமெடுப்பதற்காக நீள் சூம் லென்ஸ் ஒன்று வாங்க எண்ணியுள்ளேன். இதில் அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை எனக்குத் தேவை. என்னிடம் கெனன் 80டி கமராவும் 55-250 மிமீ லென்ஸும் உள்ளன. 2021 மார்ச்சில், இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டு நிறைவையொட்டி, காலிமுகத்திடலின் மேலாக இந்தியாவின் சூரியகிரண் குழுவும் சாரங் ஹெலிகொப்டர்களும் தேஜஸ் போர்விமானமும் பறந்தபோது இந்த லென்ஸாலேயே படமெடுத்தேன். அணிவகுப்புப் படங்கள் மனநிறைவைத் தந்தன. ஆனால் விமானம் தனித்து வரும் படங்களைப் பெரிதாக்கினால் இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் மடிப்புகளோ விமானியின் தலைக்கவசமோ தெளிவாகத் தெரிவதில்லை. நான் கற்பிக்கும் பாடசாலையில் விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு அந்த மடிப்புகள் எதற்காக இறங்குகின்றன, எப்போது ஏறுகின்றன என்பதைப் படத்தைக் கொண்டே விளக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

சிக்மா 100-400, சிக்மா 150-600 கன்டெம்பரரி, பாவித்த நிலையில் கிடைக்கக்கூடிய கெனன் 100-400 இரண்டாம் பதிப்பு ஆகிய மூன்றும் என் மனதில் உள்ளன. புகையிரதத்தில் கொழும்புக்கு எடுத்துச் சென்று பகல் முழுவதும் கையில் ஏந்தி நிற்க வேண்டும் என்பதையும், இடையிடையே ஹோர்ட்டன் சமவெளியில் பறவைகளையும் எடுப்பேன் என்பதையும் கருத்திற்கொண்டு பதிலளித்தால் நன்றியுடையவனாவேன்.

பண்டாரவளை வானம் எழுதியது:

சேர், வணக்கம். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் 'எவ்வளவு நீளம் கிடைக்குமோ அவ்வளவும் வாங்குங்கள்' என்றே சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விமானக் கண்காட்சியில் ஒரு சூம் லென்ஸின் நீண்ட முனைக்கு (தூரத்தை நெருக்கிக் காட்டும் 400, 600 போன்ற நிலை) எவ்வளவு வேலை உண்டோ, குறுகிய முனைக்கும் (அகலமாகப் பிடிக்கும் 100, 150 போன்ற நிலை) அவ்வளவு வேலை உண்டு. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உங்கள் கமராவின் சென்சர் 22.5 மிமீ அகலமானது. விமானம் 500 மீட்டர் தூரத்தில் பறக்கிறது என்று கொண்டால், 250 மிமீ நிலையில் படச்சட்டத்துக்குள் 45 மீட்டர் அகலமான வானம் அடங்கும். 400 மிமீ நிலையில் 28 மீட்டர், 600 மிமீ நிலையில் 19 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சூரியகிரண் குழு பறக்கும் ஹோக் விமானத்தின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். எனவே இப்போதைய லென்ஸில் அது சட்டத்தின் கால்வாசியைச் சற்றுத் தாண்டும், 400இல் பாதியை நெருங்கும், 600இல் மூன்றில் இரண்டு பங்கை எட்டும். 80டி தரும் படத்தின் அகலம் 6000 படப்புள்ளிகள் என்பதால், 400 மிமீ நிலையில் ஹோக் விமானம் 2500 படப்புள்ளிகளுக்கு மேல் நீண்டு கிடக்கும். பிள்ளைகளுக்குச் சுவரில் ஒட்டிக் காட்டுவதற்கும் இறக்கை மடிப்புகளைச் சுட்டிக் காட்டுவதற்கும் இது தாராளமாகப் போதும்.

இனி மறுமுனையைப் பாருங்கள். அதே 500 மீட்டரில் 100 மிமீ லென்ஸ் 112 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 150 மிமீ லென்ஸால் 75 மீட்டரையே பிடிக்க முடியும். ஒன்பது விமானங்கள் வைர வடிவில் நெருங்கி வரும்போது 75 மீட்டர் ஓரளவு தாங்கும். ஆனால் அவை பார்வையாளர் முன்பாக வந்து மேல்நோக்கிப் பிரிந்து விரியும் அந்தச் சில விநாடிகளில், 150இல் தொடங்கும் லென்ஸ் வைத்திருப்பவருக்கு அணியின் ஒரு பாதியும் புகையின் ஒரு துண்டுமே மிஞ்சும். தூரம் 300 மீட்டராகக் குறைந்தால் அந்த 75 மீட்டர் 45 ஆகிவிடும். தனித்து வரும் விமானம் சற்றுச் சிறிதாக விழுந்தாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்கலாம். சட்டத்துக்கு வெளியே போன விமானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

எடையும் இதே பக்கம்தான் சாய்கிறது. சிக்மா 100-400 ஏறத்தாழ 1.16 கிலோ, கெனன் 100-400 இரண்டாம் பதிப்பு முக்காலிப் பிடியையும் சேர்த்து 1.64 கிலோ, சிக்மா 150-600 கன்டெம்பரரி 1.93 கிலோ. தலைக்கு நேர்மேலே செல்லும் விமானத்தைப் பின்தொடர முக்காலி உதவாது, சனநெரிசலில் அதை விரிப்பதற்கு இடமும் கிடைக்காது. ஆகவே நாள் முழுதும் கைதான் தாங்க வேண்டும். இரண்டு கிலோ லென்ஸும் முக்கால் கிலோ கமராவும் நிகழ்ச்சி தொடங்கும்போது பாரமாகத் தெரியாது. இறுதியில் வரும் முக்கிய அணியின்போதுதான் தோள் இறங்கும், பின்தொடரும் அசைவு தடுமாறும்.

மூன்றில் எனது தெரிவு கெனன் இரண்டாம் பதிப்பு. குவியம் தேடும் வேகமும், 400 மிமீ நிலையில் லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்த எஃப் 5.6இலேயே கிடைக்கும் கூர்மையும் முதற்காரணம். குவிய எல்லையை 3 மீட்டருக்கு அப்பால் மட்டும் என்று வைத்துக்கொள்ள அதில் ஆளி உண்டு. வானத்தில் பிடிப்பைத் தவறவிட்ட லென்ஸ் அருகிலிருந்து தேடத் தொடங்காமல் அது தடுக்கும். பறவைகளுக்கு நீளம் போதவில்லையென்றால் பின்னர் லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் மாட்டும் கெனனின் 1.4 மடங்கு நீட்டியின் மூன்றாம் பதிப்பைச் சேர்க்கலாம். 560 மிமீ, எஃப் 8 ஆகிவிடும். அந்த இணைப்பில் 80டி கமராவின் 45 குவியப் புள்ளிகளில் 27 தொடர்ந்து இயங்கும். நல்ல நிலையில் பாவித்த லென்ஸ் கிடைக்காவிட்டால் சிக்மா 100-400ஐத் தயங்காமல் வாங்குங்கள். அதற்கு முக்காலிப் பிடி இல்லை என்பது உங்கள் பாவனைக்குப் பெரிய குறையல்ல.

கண்டி மேட்டுநிலம் எழுதியது:

தம்பிக்கும் பண்டாரவளை நண்பருக்கும் வணக்கம். கணக்கு சரியானது, ஆனால் அதிலிருந்து நான் வேறொரு முடிவுக்கு வருகிறேன். கேட்டவரிடம் 55-250 ஏற்கெனவே இருக்கிறது, அணிவகுப்புப் படங்களில் தமக்குக் குறையில்லை என்றும் எழுதியிருக்கிறார். அப்படியாயின் குறுகிய முனை அவரிடம் உள்ளது, குறைவாக இருப்பது நீண்ட முனை. 250இலிருந்து 400க்குப் போவது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 600க்குப் போவது இரண்டு மடங்குக்கு மேல். செலவழிக்கும் பணத்துக்குக் கண்ணில் தெரியும் மாற்றம் இரண்டாவதில்தான் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் புதருக்குள் இருக்கும் சிறு பறவைகளுக்கோ 400 மிமீ எப்போதும் ஏக்கத்தையே தரும்.

கடற்காற்றில் நின்று லென்ஸ் மாற்றுவது கூடாது, உப்புத் துளியும் மணலும் நேரே சென்சரில் போய் உட்காரும். அதனால் பாவித்த பழைய கமரா உடல் ஒன்றை வாங்கி 55-250ஐ அதில் மாட்டித் தோளில் தொங்கவிட்டு, 150-600ஐக் கையில் வைத்துக்கொள்வதே நான் கைக்கொள்ளும் முறை. தனி விமானத்துக்கு ஒன்று, அணிக்கு மற்றது. எடைக்கு ஒற்றைக்கால் தாங்கியான மொனோபொட் உதவும். விமானம் தொடுவானத்தை ஒட்டி வரும் வரையில் அதன்மேல் தாங்கி, தலைக்கு மேலே எழும்போது அப்படியே தூக்கிக்கொள்ளலாம்.

நேர்மைக்காக இரண்டு விடயங்களையும் சொல்லிவிட வேண்டும். சிக்மா 150-600 கன்டெம்பரரி 600 மிமீ நிலையில் எஃப் 6.3இல் சற்று மென்மையாகவே வரையும், எஃப் 8க்கு மூடினால் திருத்தம் தெரியும். அடுத்தது கானல். வெயிலேறிய பின் தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்று, தூரத்து விமானத்தின் விளிம்புகளை நெளியச் செய்துவிடும். அதை எந்த விலையுள்ள லென்ஸும் வெல்லாது, 600 மிமீ அதை இன்னும் பெரிதாக்கியே காட்டும். பெங்களூருக்கு அருகே யெலஹங்கா தளத்தில் நடக்கும் ஏரோ இந்தியாவுக்குப் போகும் எண்ணம் பின்னர் ஏற்பட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடுபாதையின் வெப்பத்துக்கு மேலாகவே படமெடுக்க நேரிடும்.

பண்டாரவளை வானம் எழுதியது:

ஐயா, இரண்டாவது கமரா உண்டு என்றால் உங்கள் வழி நன்றாகவே பொருந்தும், அதை மறுக்கவில்லை. ஆயினும் ஒற்றைக் கமராவும் ஒரு பையுமாகப் புகையிரதத்தில் போகிறவரை மனதில் வைத்தே நான் எழுதினேன். இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்து குறுக்கிட்டவுடன் ஒன்று நம்மை நோக்கித் திரும்பும். அந்நேரத்தில் ஒரே வளையத்தைத் திருப்பி 400இலிருந்து 100க்கு வருவதும், ஒரு கமராவைத் தாழ்த்தி மற்றதை உயர்த்துவதும் சமமல்ல.

கொட்டகலைச் சாரல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது கமரா இப்போதைக்கு என் சக்திக்கு அப்பாற்பட்டது; எனவே பாவித்த கெனன் 100-400 இரண்டாம் பதிப்பையே தேடப்போகிறேன். அதற்கு முன் இரண்டு சந்தேகங்கள். எங்கள் பக்கத்து ஈரத்தில் பாவித்த லென்ஸ் வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும், வாங்கியபின் எப்படிப் பாதுகாப்பது? சாரங் ஹெலிகொப்டர் படங்களில் சுழலிகள் அசைவற்று நின்றுவிட்டது போலத் தெரிகின்றன. அதை எப்படித் திருத்துவது?

நானுஓயா மூடுபனி எழுதியது:

அண்ணா, ஈரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சணம்தான். வாங்குமுன் இரு பக்க மூடிகளையும் கழற்றி, இருட்டான இடத்தில் பின்பக்கமாகச் சிறு டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பாய்ச்சி, முன்பக்கத்தின் வழியாகச் சூமின் இரு முனைகளிலும் உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போன்ற கிளைகளோ, ஓரத்திலிருந்து பரவும் வெண்மூட்டமோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். தூசித் துகள்கள் சில இருப்பது பரவாயில்லை, படத்தில் அவை தெரியாது. சூம் வளையத்தைத் திருப்பும்போது எங்காவது இறுகித் தளர்கிறதா, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் நிலைப்படுத்தியை இயக்கினால் காட்சிக் கண்ணாடியில் உருவம் அமைதியாகிறதா என்பவற்றையும் உங்கள் கமராவிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக்கு, காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போதும். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்கட்டும், அதற்கும் மிகக் கீழே இறக்கத் தேவையில்லை. மெத்தென்ற கமராப் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். மழைக்காலத்தில் அந்தத் துணி ஈரத்தை இழுத்து லென்ஸோடு சேர்த்தே வைத்திருக்கும். நீங்கள் தேடும் லென்ஸ் சூம் செய்யும்போது வெளியே நீள்வது, நீளும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளிக்காற்றை உள்ளே எடுக்கும். எனவே மூடுபனிக்குள் பாவித்துவிட்டு வந்த நாளில் அதைத் துடைத்து, நீட்டிய நிலையிலேயே சிலிக்கா ஜெல்லுடன் ஓர் இரவு பெட்டிக்குள் வையுங்கள்.

மலையிலிருந்து இறங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விடியற்குளிரில் வான் வண்டியில் புறப்பட்டுக் கொழும்பில் இறங்கியதும் பையைத் திறந்தால், குளிர்ந்த கண்ணாடியின்மேல் கடற்கரையின் ஈரக் காற்றுப் பட்டு உடனே பனிக்கும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது வெளிவெப்பத்துக்குப் பழகவிடுங்கள். பகல் புகையிரதத்தில் மெதுவாக இறங்குவோருக்கு இந்தத் தொல்லை குறைவு. திரும்பி ஏறும்போது நேர்மாறாக நடக்கும்: பைக்குள் அடைபட்ட கொழும்புக் காற்று நானுஓயாக் குளிரில் நீராகும். புறப்படுமுன் உப்புப் படிந்த வெளிப்புறத்தைச் சற்று நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, புதிய சிலிக்கா ஜெல் பொதியைப் பைக்குள் போட்ட பின்பே மேலே வாருங்கள்.

பண்டாரவளை வானம் எழுதியது:

சுழலியைப் பற்றிய கேள்விக்குப் பதில் ஷட்டர் வேகத்தில் இருக்கிறது. ஹெலிகொப்டரின் பிரதான சுழலி நிமிடத்துக்கு 300 சுற்றுகளைச் சற்றுத் தாண்டியே சுழல்கிறது. 1/1000 விநாடியில் சுழலியின் அலகு (தகடு) இரண்டு பாகைகூட நகராது, அதனால்தான் உங்கள் படத்தில் அது நின்றுவிட்டது. 1/250இல் ஏழெட்டுப் பாகையும், 1/125இல் பதினைந்து பாகையளவும் நகரும். பார்க்கிறவருக்குச் சுழற்சி அப்போதுதான் உறைக்கும். வை-12 போன்ற புரொப்பெல்லர் விமானங்களின் விசிறி இதைவிடப் பலமடங்கு வேகமாகச் சுழல்வதால் 1/250 அங்கே தாராளம். ஜெட் விமானங்களில் சுழலும் பாகம் எதுவும் வெளியே தெரிவதில்லை, எனவே 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள். 1/1600 இன்னும் பாதுகாப்பானது.

மெதுவான ஷட்டரில் கை அசைவு படத்தைக் கெடுக்கும் என்பதால், நிலைப்படுத்தியை, பின்தொடர்ந்து எடுப்பதற்கான இரண்டாம் முறைமைக்கு மாற்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிப் பின்தொடருங்கள். பயிற்சிக்குக் கண்காட்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வளைந்து இறங்கும் பேரூந்துகளும், நீர்த்தேக்கங்களின் மேல் வட்டமிடும் பருந்துகளும், தேயிலைச் சரிவுகளின் மேல் பாயும் உழவாரன் குருவிகளும் கொட்டகலையிலேயே உண்டு. உழவாரனைச் சட்டத்துக்குள் வைத்திருக்கப் பழகிய கைக்கு ஹோக் விமானம் மெதுவாகத்தான் தெரியும். தியத்தலாவை, எல்லப் பக்கத்தில் மானாப் புல் தீப்பிடிக்கும் காலங்களில் விமானப்படையின் பெல் ஹெலிகொப்டர்கள் வாளியில் நீர் சுமந்து வருவதுண்டு, அப்போதெல்லாம் 1/160இல் எடுத்தே நான் பழகினேன்.

வெளிச்சத்தையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். வெண்மேகம் நிறைந்த வானத்தைக் கமரா தானாக அளந்தால் விமானத்தின் அடிப்பகுதி கருகிவிடும், வெளிச்சத்தை முக்கால் ஸ்டொப் முதல் ஒரு ஸ்டொப் (இரு மடங்கு வெளிச்சம்) வரை கூட்டி வையுங்கள். காலிமுகத்திடல் மேற்கே கடலைப் பார்த்தது. காலைப் பறப்பில் வெயில் நமக்குப் பின்னாலிருந்து விமானத்தின்மேல் விழும், பிற்பகல் ஏற ஏற அதே வெயில் கண்ணுக்கு நேரே வரும். ஒத்திகையோ நிகழ்ச்சியோ காலையில் நடந்தால் இறக்கை மடிப்புகளையும் விமானியையும் 400 மிமீ நிலையில் அப்போதே எடுத்துவிடுங்கள். மாலையில் அணியின் புகைத் தாரைகள் எதிர்வெளிச்சத்தில் ஒளிரும், அவற்றுக்கு 100 மிமீ முனையே பொருத்தமானது.